டோடோவுக்கு அழுதது போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், டோடோ பறவை அழிந்ததால் மொரீஷியஸ் தீவில் கல்வேரியா மரம் முளைப்பதே நின்றுவிட்டதாக, டோடோ விழுங்கி ஓடு தேய்ந்த கொட்டைதான் முளைக்கும் என்பதாக எழுதியிருந்தீர்கள். 1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க உயிரியலாளர் கிளப்பிவிட்ட கதை அது. டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்குக் கொட்டையை ஊட்டிப் பார்த்தார், மூன்று முளைத்தன. ஊட்டாத கொட்டையையும் பக்கத்தில் ஊன்றிப் பார்க்கவில்லை. ஓடு தேயாத கொட்டையும் முளைக்கும் என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். அந்த மரத்தை நலிய வைத்ததில் காட்டை அழித்ததற்கும், மனிதன் கொண்டுவந்து விட்ட குரங்கு, பன்றி, அயல் புதர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. தாங்கள் அறியாததா? அறிந்தும் அச்சேறியதுதான் வருத்தம்.

செத்துப்போன பறவைக்கு அழுவது சுலபம். அது யார் தோப்பிலும் வந்து உட்காராது. அதே தீவில் விதை பரப்பும் பழந்தின்னி வௌவாலை, லிச்சியும் மாம்பழமும் தின்கிறது என்று 2015 முதல் அரசே ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. அதற்குக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

நம் வௌவாலுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2018-இல் வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, வௌவால் அடையும் மரங்களை வெட்டச் சொன்ன யோசனையைக் கட்டம் கட்டிப் போட்டீர்கள். உடன் வந்த படமோ பூச்சி தின்னும் வௌவால்! அன்று எழுதிய கடிதம் உங்கள் குப்பைக்கூடைக்கு உரமாகியிருக்கும். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போனது. அந்தச் செய்திக்கும் உங்களிடம் இடமில்லை. தேனீ வளர்ப்புக்கு மட்டும் இதழுக்கு இதழ் இடம் இருக்கிறது.

கல்வேரியாவின் குடும்பம்தான் நம் இலுப்பையும். ஆலையில்லா ஊருக்கு அது சர்க்கரை என்று சொல்லத் தெரிந்த நமக்கு, அதைக் காய்க்க வைப்பது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. இரவில் பூங்கொத்தைக் கட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் வௌவாலை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். மூக்கு நுனியெல்லாம் மகரந்தம். சதைப்பற்றான பூவிதழை உருவித் தின்கிறது, காயாக மாறும் சூலகமும் அதன் நீண்ட தண்டும் காம்பிலேயே நிற்கின்றன. பழுத்தபின் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தின்றுவிட்டுக் கொட்டையை அங்கே போடுகிறது.

நாங்கள் வசிக்கும் சாலையில் நின்ற இலுப்பைகளைச் சாலை அகலப்படுத்தும் பணிக்கு வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய ஒரு மரத்தின் மேல் இரவு முழுக்க உயர்கோபுர விளக்கு எரிகிறது. வெளிச்சம் விழும் பக்கம் பூ உதிர்வதோடு சரி. இருட்டுப் பக்கக் கிளைகளில்தான் காய். விளக்கைத் திருப்பி வைக்கக் கேட்டு மனு கொடுத்தேன். வௌவாலுக்காகவா என்று சிரித்தார்கள். சிரித்தவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த இதழில் கல்வேரியா பற்றி இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனிப் பழந்தின்னி வௌவால் என்று எழுதும் இடத்தில் பழந்தின்னி வௌவாலின் படத்தையே போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகர்