செயலாளரின் ஆண்டறிக்கை: தபால்காரப் பூங்காவில் நம் ஒரு வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அக்காமாரே, அண்ணன்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. பொங்கலும் வாணி விழாவும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை நம் நடைக்குழுவுக்கு எடுத்துக்கொள்கிறேன். வீட்டோடு முடங்கியிருந்த பலரை இந்த வருடம் வெளியே கொண்டுவந்தது அந்த மாதாந்த நடைதான்.

லண்டன் செயின்ட் பால்ஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வரும் போஸ்ட்மேன்ஸ் பார்க்கைத்தான் சொல்கிறேன். நமக்குள் அது தபால்காரப் பூங்கா. சின்ன இடம். செயின்ட் போட்டால்ஃப் தேவாலயத்தின் சவக்காலையாக இருந்ததை 1880ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிறகு பக்கத்துச் சவக்காலை நிலங்களும் அதோடு சேர்ந்தன. அருகில் இருந்த தபால் தலைமையகத்து ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் வந்து உட்கார்ந்ததால் இந்தப் பெயர். உள்ளே தரை தெருவைவிட உயரமாக இருக்கும். இடம் போதாமல் பிரேதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மண் போட்டு மூடியதால் ஏறிய உயரம் அது. இதைச் சொன்னதும் நம் அக்கா ஒருவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்துவிட்டார். மாசி மாதக் குளிர் என்று சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று.

அங்கே ஒரு மரத் தாழ்வாரம் உண்டு. அதன் சுவரில் பளிங்கு போன்ற ஓடுகள், ஒவ்வொன்றிலும் பிறர் உயிரைக் காக்கப் போய்த் தம் உயிரை விட்ட சாதாரண மனிதர்களின் கதை. ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் வாட்ஸ் 1887ல், மகாராணி விக்டோரியாவின் பொன்விழா ஆண்டில், டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி இந்த யோசனையைச் சொன்னார். 1900ல்தான் அது கைகூடியது. திறப்பு விழாவுக்கு அவரால் வர முடியவில்லை, உடம்பு சரியில்லை. நாலே நாலு ஓடுகளோடு திறந்தார்கள். 1904ல் அவர் காலமான பிறகு மனைவி மேரி வேலையைத் தொடர்ந்தார். 120 ஓடுகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். இன்று இருப்பவை 54. கடைசி ஓடு 2009ல் வைத்தது, அதற்கு முன் எழுபது வருடத்துக்கு மேல் ஒன்றுமே சேரவில்லை.

இந்த ஓடுகளைத் தமிழில் எழுதி அங்கேயே நின்று வாசிப்பது என்று பங்குனிக் கூட்டத்தில் தீர்மானித்தோம். ஆலிஸ் அயர்ஸ் ஓட்டிலேயே மாட்டிக்கொண்டோம். அவருடைய தகப்பன் மேசனுக்குக் கையாள். மதுரை அண்ணன் ‘கொத்தனார், சித்தாள்’ என்றார். யாழ்ப்பாணத்தார் ‘மேசனின் கையாள்’தான் என்று நின்றார்கள். இரண்டு வாரம் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. அதைவிடக் கஷ்டம், ஆலிஸ் எப்படிக் காப்பாற்றினார் என்பதற்கு ஓட்டில் உள்ள சொல். ‘பயமில்லாமல்’ என்று முதலில் எழுதியிருந்தோம். எரிகிற வீட்டுக்குள் நின்ற பெண்ணுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்குமா என்று ஒரு அக்கா கேட்டார். அவர் கேட்டது சரி. கடைசியில் இப்படி வந்தது:

“ஆலிஸ் அயர்ஸ். மேசனின் கையாளுடைய மகள். பரோ, யூனியன் தெருவில் தீப்பிடித்த வீட்டிலிருந்து 3 பிள்ளைகளைத் துணிந்து காப்பாற்றித் தன் இளம் உயிரைக் கொடுத்தவர். 1885 ஏப்ரல் 24.”

அந்தப் பிள்ளைகள் அவருடைய அக்காவின் மகள்மார். ஜன்னலால் மெத்தையைக் கீழே போட்டு, பிள்ளைகளை அதன்மேல் விழவைத்திருக்கிறார். வாசித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பக்கத்து வாங்கில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அலுவலக இளைஞர் ஒருவர், என்ன மொழி என்று கேட்டு, திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

வருத்தமான ஒரு விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். வாசிப்புத் தாள்களை அடிக்கக் கொடுத்த இடத்தில் தமிழ் எழுத்துகள் உடைந்துபோயின. கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய், ‘மேரி’ என்பதே வாசிக்க முடியாமல் நின்றது. ஸ்டெல்லா கப்பல் மூழ்கும்போது தன் உயிர்காப்புப் பட்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போன மேரி ரோஜர்ஸின் பெயர் அது. கட்டிய காசு திரும்பி வரவில்லை. அவருடைய பெயரைப் பிழையாகக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் பேரப்பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு தாளாகக் கையால் எழுதித் தந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ‘ற’ கொஞ்சம் சரிந்திருக்கும், ஆனால் வாசிக்கலாம்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த நாட்டில் தபால் பிரிக்கும் வேலையிலேயே பென்ஷன் வரை இருந்தவர். வைகாசி நடையில் கைக்குட்டை மரம் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. மீன் தொட்டிக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, “இது எங்கட ஆட்கள் சாப்பிட்ட இடம்” என்றார். அடுத்த மாதமும் அதே வாங்கைத்தான் தேடிப் போனார்.

இதுவரை 31 ஓடுகள் தமிழில் முடிந்திருக்கின்றன. மிச்சம் 23. எழுத விரும்புகிறவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம். அடுத்த நடை மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பதினொரு மணி, நிலைய வாசலில். குடை கொண்டுவாருங்கள்.

நன்றி. வணக்கம்.