செயலாளரின் ஆண்டறிக்கை 2025 (சப்பாத்துக் கணக்கு உட்பட)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம். வராதவர்களுக்காக இதன் பிரதி வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும். அவர்கள் அங்கேயும் வருவதில்லை என்பது வேறு கதை.

போன பொதுக்கூட்டத்தில் என் அறிக்கை நீளம் என்று குறை சொன்னீர்கள். அதனால் நடந்தவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் விழா வழமைபோல் நடந்தது. சிவராத்திரிக்குக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் தண்ணீர்ப்பந்தல் வைத்தோம். சிரமதானம் இரண்டு தடவை. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல் பக்கத்துக்கு உலர் உணவுப் பொதிகள் அனுப்பினோம். வாசிகசாலைக்கு எடுத்த மூன்று பத்திரிகைகளில் ஒன்று ஜூன் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. கரப்பந்தாட்ட வலை மாற்றப்படவில்லை. இந்த இரண்டுக்கும் காரணம் நான்தான் என்று பேசப்படுவதால் அதை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

மார்ச் மாதம் நம் ஒழுங்கையில் ஒரு வீட்டில் 31 கிழமையில் ஆண்பிள்ளை பிறந்தது. நிறை 1.4 கிலோ. இரண்டு பாதமும் உள்ளே மடங்கி, உள்ளங்கால் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. பிறவி வளைபாதம். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. வெளியே வாங்கில் இருந்த சொந்தக்காரர்கள், தாய் கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. ஆண்பிள்ளைகளில் இரண்டு மடங்கு. பாதிப்பேருக்கு இரண்டு காலிலும் வரும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னபோது ஒரு பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை இந்த அறிக்கையில் எழுத முடியாது.

தகப்பன் பிள்ளை வெளியே வந்த உடனேயே காலைத் திருத்தவேண்டும் என்று நின்றார். எலும்பு டொக்டர் பொறுக்கச் சொன்னார். குறைமாதப் பிள்ளையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. சேலைனுக்கும் இரத்தம் எடுக்கவும் அந்தக் காலே வேண்டியிருக்கும். மாக்கட்டு இறுகும்போது சூடு விடும். போதாததற்குத் தொடை மெலிந்த பிள்ளைக்குக் கட்டு நில்லாமல் வழுகும். "பால் குடிக்கட்டும், நிறை ஏறட்டும், வீட்டுக்குப் போகட்டும். கால் எங்கும் ஓடிவிடாது" என்றார். சில கிழமை தாமதித்தால் கெட்டுப்போகிற விஷயம் இல்லையாம். இதற்கிடையில் உறவினர் ஒருவர் வேறு ஊரில் ஒரு தனியார் இடத்தில் விசாரித்துவிட்டு வந்து, ஒரு வயதானதும் பெரிய ஒப்பரேஷன் செய்தால் எல்லாம் சரி என்றார். அன்றுதான் நான் இதில் இறங்கினேன்.

ஏன் என்று இதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை. என் தம்பிக்கு இதே கால். சின்ன வயதில் பெரிய ஒப்பரேஷன் செய்தார்கள். குதிக்காலைச் சுற்றி உள்பக்கம் வரை தழும்பு ஓடும். பாதம் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் மரக்கட்டை மாதிரி, மடங்காது. நாற்பது வயதிலிருந்து வலி. தண்ணீர்ப்பந்தலுக்கு அவன் கீழே வாசலில் மட்டும் நிற்பதைச் சோம்பல் என்று எழுதிய பழைய கூட்டக் குறிப்பு ஒன்றும் நம் கொப்பியில் இருக்கிறது.

இப்போது செய்வது பொன்செட்டி முறை. நிர்வாக சபையில் இதைச் சொன்னதும் உபதலைவர், எந்த ஊர்ச் செட்டியார் என்று கேட்டார். இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914 ஜூன் 3 இல் பிறந்தவர். அந்த நாள்தான் இப்போது உலக வளைபாத நாள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வேலை செய்தபோது, ஒப்பரேஷன் செய்த பாதங்கள் பிற்காலத்தில் விறைத்து வலிப்பதைப் பார்த்து, 1940களின் கடைசியில் கையாலும் மாக்கட்டாலும் திருத்தத் தொடங்கினார். 1963 இல் கட்டுரை எழுதினார். முப்பது வருடத்துக்கு மேல் பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. செயலாளர்களின் அறிக்கைகளுக்கும் இதே கதிதான். 1990களின் கடைசியில் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் இணையத்தில் சொல்லித்தான் அது பரவியது. 2009 இல், 95 வயதில் அவர் காலமானார்.

மே கடைசியில், பிள்ளை பிறந்திருக்கவேண்டிய திகதி தாண்டியபின், முதல் கட்டு. இரண்டு மாதத் தடுப்பூசி தொடையில் போடுவது, மாக்கட்டும் தொடை வரை ஏறுவது. அதனால் மருத்துவிச்சி மிஸ் முன்கூட்டியே கூப்பிட்டு ஊசியைப் போட்டுவிட்டார். இதை நினைவு வைத்திருந்ததற்கு அவருக்குத் தனி நன்றி.

நான் கூடவே நின்று பார்த்தேன். நெருப்புப்பெட்டி அளவு பாதம். இழுக்கிற இழுவையோ முறிக்கிற முறிப்போ எதுவும் இல்லை. பெருவிரல் பக்கத்தை மெல்லத் தூக்கி உள்ளங்கால் குழியை முதலில் நேராக்குகிறார்கள். அப்புறம் கணுக்காலுக்கு முன்னால் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் தலையில் கட்டைவிரலை முட்டுக்கொடுத்து, பாதத்தைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்புகிறார்கள். குதிக்காலைத் தொடுவதே இல்லை. பாதத்தின் மற்றப் பகுதி திரும்பும்போது குதிக்காலும் தானாகத் திரும்புகிறது. பிள்ளை பால்போத்தலைச் சப்பிக்கொண்டு கிடந்தது. பஞ்சு சுற்றி, விரலிலிருந்து தொடை வரை, முழங்காலைச் செங்கோணமாக மடித்து மாக்கட்டு. அம்மம்மாமார் நல்லெண்ணெய் தடவி உருவித் திருத்தலாம் என்று வருவார்கள். திருந்தாது. எண்ணெய்த் தோலில் கட்டும் நில்லாது.

ஒவ்வொரு கிழமையும் கிளினிக் நாள் விடியத்தான் பழைய கட்டைக் கழற்றவேண்டும். முதல்நாளே கழற்றினால் கால் திரும்ப மடங்கப் பார்க்கும். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் கொஞ்சம் வினாகிரி. பிள்ளையைத் தகப்பன் மடியில் பிடிக்க, தாய் கட்டின் நுனியைத் தேடுவாள். முதல் கிழமை நுனி அகப்படாமல் ஒரு மணித்தியாலம் போனது. பிள்ளை நீலமாகும் அளவுக்கு அழுதது. இரண்டாம் கிழமை கட்டுப் போட்டவுடன் நுனியில் அவள் பேனையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். அதன்பிறகு தண்ணீர் பால்போலக் கலங்கிய கொஞ்ச நேரத்தில் கட்டு அவிழ்ந்து வந்துவிடும்.

மூன்றாவது கிழமை ஒரு இரவு தாய் வந்து கதவைத் தட்டினாள். காலையில் ஐந்து விரலும் தெரிந்தன, இப்போது இரண்டுதான் தெரிகிறது என்றாள். கட்டு வழுகினால் கால் உள்ளே இறங்கி நெருக்குப்படும், விடியும் வரை பார்த்திருக்கக்கூடாது என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அங்கேயே, என் வீட்டுக் கிணற்றடியில், டோர்ச் வெளிச்சத்தில் ஊறவைத்துக் கழற்றினோம். விரலை அழுத்தினால் வெளுத்து, விட்டால் உடனே சிவந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நாள் ஓட்டோவுக்குக் கொடுத்தது சங்கப் பணம். கணக்கில் "இதர செலவு" என்று கிடப்பதில் ஒரு பங்கு இதுதான். கேட்டவருக்கு இத்துடன் பதில்.

மொத்தம் ஆறு கட்டு. ஜூலையில் குதிநரம்பை, அதாவது குதிக்காலை மேலே இழுத்துப் பிடிக்கும் தசைநாணை, வெட்டினார்கள். இதைச் சொல்லி ஒரு அங்கத்தவர், "கத்தி படாது என்றல்லவா எங்களிடம் பணம் கேட்டீர்" என்று கூட்டத்தில் எழுந்து நின்றார். பெரிய ஒப்பரேஷன் இல்லை என்றுதான் சொன்னேன், கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்க்கலாம். பத்தில் எட்டு, ஒன்பது பிள்ளைக்கு இந்தச் சின்ன வெட்டுத் தேவைப்படும். இடத்தை மட்டும் மரக்க வைத்து, குதிக்கு மேலே நுனிக்கத்தியால் ஒரு குத்து, சில நிமிட வேலை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை முழுதாக மயக்கினால் பிறகு மூச்சு நின்றுபோகும் பயம் இருக்கிறது, இதில் அது இல்லை. கடைசிக் கட்டு மூன்று கிழமை இருக்கும். அதற்குள் அந்த நாண் நீண்டு திரும்ப ஒட்டிவிடும்.

அடுத்து, திருத்திய கால் திரும்ப உள்ளே போகாமல் பிடிக்க வந்தது சப்பாத்து. இரண்டு சப்பாத்தையும் ஒரு இரும்புச் சட்டத்தில், தோள் அகலத்துக்குப் பொருத்தி, வளைந்த காலை 60, 70 பாகை வெளியே திருப்பி வைப்பது. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம். அப்புறம் நாலு வயது வரை இரவிலும் பகல் தூக்கத்திலும். வெளியே வாங்க விலை அதிகம். அதுவும் இந்தப் பிள்ளையின் காலுக்கு ஆகச் சின்ன அளவும் பெரிது. உகண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர் உள்ளூர்ச் சப்பாத்துக்காரர்களை வைத்துச் செய்யக்கூடிய ஒரு மாதிரியை உண்டாக்கியிருக்கிறார். அதன் படத்தை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் போனேன். ஐயா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "இது நடக்கிற சப்பாத்து இல்லை" என்றார். இல்லை, படுக்கிற சப்பாத்து என்றேன். குதிக்குப் பின்னால் ஓட்டை எதற்கு என்று கேட்டார். குதிக்கால் கீழே உட்கார்ந்திருக்கிறதா என்று தாய் பார்க்கத்தான் அந்த ஓட்டை. முதல் சோடியைக் கிளினிக்கில் திருப்பி அனுப்பினார்கள், உள்தோல் முரடு. இரண்டாவதைப் பார்த்துச் சரி என்றார்கள். கூலி வேண்டாம், தோலுக்கும் இரும்புக்கும் மட்டும் தாருங்கள் என்றார் ஐயா. அவர் நம் அங்கத்தவர் இல்லை. இருந்தால் சந்தாவும் ஒழுங்காகக் கட்டுவார் என்று நினைக்கிறேன்.

நிறுத்திய பத்திரிகைக் காசும் வலைக்கு ஒதுக்கிய காசும் இப்படித்தான் தோலும் இரும்பும் ஆயின. இப்போது வாசிகசாலை அலுமாரியின் கீழ்த்தட்டில் நாலு அளவில் ஏழு சோடி இருக்கின்றன. கால் வளர வளரப் பிள்ளை மாற்றும், சின்னது அடுத்த பிள்ளைக்குப் போகும்.

மூதூர்ப் பக்கப் பிள்ளை ஒன்றும் நம் கணக்கில் சேர்ந்தது. நிறைமாதத்தில் பிறந்து, கட்டெல்லாம் போட்டு முடித்து, ஒன்றரை வயதில் நேராக நடந்த பிள்ளை. "பிள்ளையைக் கட்டிப்போட்டு வைக்கிறீங்களே" என்று அப்பம்மா அழுதாராம். கால்தான் நேராகிவிட்டதே என்று சப்பாத்தையும் விட்டுவிட்டார்கள். சில மாதத்தில் பாதம் திரும்பவும் உள்ளே போனது. திரும்ப மாக்கட்டு. கிண்ணியாப் பாலம் வந்தபின் மூதூர் பக்கத்தில்தான் என்று நாம் சொல்லலாம். கட்டுக் காலோடு கனத்த பிள்ளையை இடுப்பில் வைத்து விடிய ஐந்து மணி பஸ் ஏறுபவளிடம்தான் கேட்கவேண்டும். புயல் வெள்ளத்தில் அந்தக் குடும்பம் ஒரு பையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. உலர் உணவோடு போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்: பள்ளிக்கூட வாங்கில், சனத்துக்கு நடுவே, சட்டத்தில் காலை மாட்டியபடி பிள்ளை தூங்கியதாம். பையில் முதலில் எடுத்து வைத்தது அதைத்தான் என்றார் அதே அப்பம்மா.

நம் ஒழுங்கைப் பிள்ளை நவம்பரிலிருந்து தூக்கத்துக்கு மட்டும் போடுகிறது. காலையில் கழற்றியதும் இரண்டு காலாலும் பாயை உதைத்துக் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறது. வெயில் காலத்தில் சப்பாத்துக்குள் வேர்த்துக் கொப்பளம் வரப் பார்த்தது. பருத்திக் காலுறை இரண்டு சோடி மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தார்கள்.

இனி நிர்வாகம். பன்னிரண்டு கூட்டம் கூடவேண்டிய சபை ஏழு தடவை கூடியது. அதில் இரண்டு தடவை கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) இல்லாமல் தேநீர் குடித்துக் கலைந்தோம். சப்பாத்துச் செலவுக்கு அனுமதி கேட்டு நான் மூன்று கூட்டத்தில் பிரேரணை வைத்தேன். வராதவர்கள் பிறகு, தங்களைக் கேட்காமல் செய்ததாகச் சொன்னார்கள். எழுபத்தெட்டு அங்கத்தவரில் சந்தா முழுதாகக் கட்டியவர்கள் முப்பத்தொரு பேர். பெயர்களை வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பெரிய குறை இல்லை, பெரிய மிச்சமும் இல்லை. இரண்டு பற்றுச்சீட்டு மழையில் நனைந்துவிட்டன. கணக்காய்வாளர் பொறுத்தருளினார்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் மகளிர் அணிக்கும் கதிரை தந்து உதவிய கோயில் பரிபாலன சபைக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்கவேண்டும்.

அடுத்த ஆண்டுக்குப் புதிய செயலாளரைத் தெரிவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. வருபவரிடம் அலுமாரிச் சாவியையும் ஐயாவின் அளவுக் கொப்பியையும் கொடுத்துவிடுவேன். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இரவுச் சப்பாத்து இருக்கிறது. சித்திரைக்குள் அடுத்த அளவு தேவை. அலுமாரியில் அந்த அளவு இல்லை. வலைக்கு வேறு, இளைஞர்களிடம் தைமாதம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சந்தா மாதம் நூறு ரூபாதான்.

தேநீர் பின்பக்க விறாந்தையில். அங்கே போகும் வழியில் பொருளாளர் மேசை இருக்கிறது. அதை அங்கே போடச் சொன்னது நான்தான்.

செயலாளர்
திருகோணமலை