ஜன்னலுக்கு காலதர்னும் ஒரு பேரு இருக்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் வீடு கட்டுறதைப் பத்தின பக்கத்துல 'ஜன்னல்' தமிழ் இல்ல, 'சாளரம்'னு சொல்லுங்கன்னு போட்டிருந்தீங்க. ஜன்னல் போர்ச்சுகீசுக்காரங்க சொல்லுங்கிறது சரிதாங்க, அவங்க ஜனேலாம்பாங்க, லத்தீன்ல கதவைக் குறிக்கிற சொல்லுல இருந்து சின்னக் கதவுங்கிற மாதிரி வந்தது. 1498ல வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து எறங்குனதுக்கு அப்புறந்தான் சாவி, அலமாரியெல்லாம் கூட அவங்க பேச்சுல இருந்து நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு. சாளரமும் சிலப்பதிகாரத்துல இருக்குதுங்க, அதுல கொறை சொல்லல.

ஆனா அதே சிலப்பதிகாரத்துல, இந்திரவிழவு ஊரெடுத்த காதையில 'மான்கண் காலதர்'னு வருதே, அதை ஏனுங்க விட்டுட்டீங்க? கால்னா காத்து, அதர்னா வழி. காத்து வர்ற வழி, அவ்வளவுதான், சொல்லைக் கேட்டாலே அது எதுக்கு இருக்குதுன்னு தெரிஞ்சு போயிருது. பூம்புகார் மாளிகையில அது மானோட கண்ணு மாதிரி இருந்துச்சாம். இங்கிலீஷ்ல விண்டோங்கிறமே, அதுவும் வட ஐரோப்பாக்காரங்க பேசுன பழைய நார்ஸ் பாஷையில காத்தோட கண்ணுதானுங்க. சமஸ்கிருதத்துல ஜன்னலைக் கவாட்சம்பாங்க, அதுக்கு அர்த்தம் பசுவோட கண்ணு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஊர்க்காரங்க எல்லாருக்கும் சுவத்துல இருக்கிற ஓட்டையைப் பாத்தா கண்ணுதான் ஞாபகம் வந்திருக்குது, இதை மொத மொத தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

நம்ம பக்கத்துக்கு இந்தச் சொல்லு ரொம்பப் பொருந்துமுங்க. பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற காத்து ஆனி ஆடியில பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு எப்படி அடிக்குதுன்னு சொல்ல வேண்டியதில்ல, அதை நம்பித்தான் இத்தனை காத்தாடி நட்டு கரண்டு எடுக்கிறாங்க. எங்க அப்பாரு நடுவுல முத்தம் விட்டுக் கட்டுன தொட்டிக்கட்டு வீட்டுல மேவறத்துச் சுவத்துல ரெண்டு, அதுக்கு நேரெதிர கிழக்க ரெண்டுன்னு வெச்சாங்க, சித்திரை வெயில்லகூட ஆசாரத்துல, அதாவது கூடத்துல, பாய் போட்டுப் படுத்தா காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். இப்ப எங்க தெருவுல கட்டுற வீட்டுல எல்லாம் ஒரு ரூமுக்கு ஒரே ஜன்னல், அதுலயும் தொறக்கவே முடியாத கண்ணாடி. வந்த காத்து வெளிய போக வழியில்லைன்னா உள்ளயும் வராதுங்க.

அடுத்த தடவை சாளரம்னு போடுற எடத்துல காலதரையும் அர்த்தத்தோட சேத்துப் போடுங்கய்யா, வீடு கட்டப் போறவங்க பிளான் போடுறதுக்கு முன்னாடி படிக்கட்டும்.

இப்படிக்கு,
பல்லடத்துல இருந்து ஒரு வாசகர்