பெரிய கிராணியின் மோரிஸ் மைனர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் டட்சன் 120 ஒய்தான் அதிகம் ஓடுகிறது. சரி, நல்ல கார்தான். ஆனால் அதன் எஞ்சின் 1171 சி.சி.; அன்பர் ஒருவர் எழுதிய 1400 அல்ல. 1400 சி.சி. வருவது 140 ஒய் காரில்.

எனக்கு மோரிஸ் மைனர்தான். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் பெரிய கிராணியிடம் (தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தர்) சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது, 948 சி.சி. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கும். அப்புறம்தான் ஸ்டார்ட்டரை இழுப்பார்.

திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று நீளும். 1961இல் மின்னும் விளக்கு வந்து அதை ஒழித்துவிட்டது. மழைக்காலத்தில் கை பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளிருந்து தூணில் ஒரு தட்டு தட்டுவது என் வேலை. எட்டு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குத் தெரியாது!

பேட்டரி இறங்கினால் முன்னால் கம்பி விட்டு எஞ்சினைச் சுழற்றுவோம். ஒருமுறை எஞ்சின் திருப்பி அடித்து என் அண்ணனின் மணிக்கட்டு வீங்கிப்போனது. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்று கிராணி அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அந்தக் கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. மைனர் வைத்திருக்கும் வாசகருக்குத் தேவைப்பட்டால் தங்கள் வழியாகக் கேட்கட்டும். காசு வேண்டாம்.

பழைய தோட்டத்து வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்