நீதிமன்றத்தை மாணவர்கள் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பிளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகளை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துச் சென்றேன். மஞ்சள் பையில் பத்திரத்தோடு வந்திருந்த ஒரு மூதாட்டிக்கு, இலவச சட்ட உதவி மையத்தில் இளம் வழக்கறிஞர் ஒருவர் மனுவை வரிவரியாகப் படித்துக் காட்டினார். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "இதற்கு என்ன படிக்க வேண்டும், சித்தப்பா?" என்றாள்.

பிளஸ் டூ முடித்ததும் 5 ஆண்டு சட்டப் படிப்பில் சேரலாம். அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையிலேயே சேர்க்கை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் நுழைவுத் தேர்வு. கிராமத்துப் பிள்ளைகளிடம் இதை யார் சொல்கிறார்கள்? மருத்துவம், பொறியியல் இரண்டைப் பற்றியே பேச்சு. பள்ளிக் கல்வித் துறை ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவர்களை நீதிமன்றத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும்.

– வாசகர், மணப்பாறை