ஆறாம் வகுப்புக்குச் சிரிப்புக் கதை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டுகிறவள் நான். ஏற்காட்டில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். 11 வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் பள்ளியில் நடப்பதை வைத்தே சிரிப்புக் கதைகள் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு ஐந்தாவது வரை ஊரிலேயே படிப்பு. ஒன்றிரண்டு டீச்சர்தான். அப்புறம் ஜூன் மாதம் திடீரென்று பஸ், பெரிய கட்டடம், பாடத்துக்கு ஓர் ஆசிரியர். இந்த ஜூனில் முதல் பாடவேளை முடிந்து மணி அடித்ததுமே ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலையும் நோட்டையும் பைக்குள் திணித்து, தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். "இன்னும் ஏழு பீரியட் இருக்கு கண்ணு" என்றேன். பையை இறக்காமலே வந்து உட்கார்ந்தாள். நான்காவது ஆசிரியரும் வந்து போனபின் ஒரு பையன் கேட்டான்: "எல்லாரும் வந்துட்டு வந்துட்டுப் போறாங்க, நம்ம டீச்சர் எப்பங்க வருவாங்க?"

அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று வாங்கிய கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடுகிறவன், ஊர்ப் பள்ளியில் பெரிய அண்ணனாக இருந்துவிட்டு இங்கே எட்டாவது அண்ணன்களிடம் 'பொடியா' ஆனவன், இவர்களெல்லாம் கதைக்குள் வர வேண்டியவர்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அது தெரியாமல் முதல் நாள் தட்டோடு வந்து நின்றவனும் உண்டு. அவன் கதை முழுக்கச் சிரிப்பாக இருக்காது. ஆனாலும் சிரிக்க வைத்துச் சொன்னால்தான் இவர்கள் காது கொடுப்பார்கள்.

சிங்கமும் நரியும் வருகிற நீதிக் கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் கடைசிப் பத்திக்கு வரும்போதே பின்பெஞ்சிலிருந்து "ஆகவே குழந்தைகளே" என்று குரல் வந்துவிடுகிறது.

சரி, நீங்களே எழுதுங்கள் என்று போன மாதம் பிள்ளைகளிடம் சொன்னேன். நாகலூர் பக்கத்திலிருந்து வருகிற பையன் ஒருவன், பஸ்ஸில் தூங்கிப்போய் ஏற்காட்டில் இறங்காமல் விட்டதை எழுதினான். 20 கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து அடிவாரத்தில்தான் கண் விழித்திருக்கிறான். கண்டக்டர் மேலே போகிற பஸ்ஸில் ஏற்றிவிட, மதியச் சோற்றுக்குச் சரியாக வந்து சேர்ந்தானாம். வகுப்பு இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற, வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிற ஒருவன் மூன்றாம் முறை தானே எழுந்து வந்து நோட்டை வாங்கிக்கொண்டான். அடிவாரம் வரைக்கும் நிறுத்தாமல் படித்தான்.

அவனுக்காகவாவது இப்படிப் பத்துக் கதைகள் வேண்டும். எழுதியவனின் ஒன்றரைப் பக்கத்தை, அவன் சம்மதத்தோடு, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். "எந்திரிடா தம்பி, மலையே முடிஞ்சுருச்சு" என்று கண்டக்டர் சொல்வதை அப்படியே விட்டுவிடுங்கள். கடைசியில் நீதி எதுவும் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை,
ஏற்காடு.