பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்கத்தக்க விளையாட்டுப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 2005இல் வெளியான ‘கிக்கிங் அண்ட் ஸ்க்ரீமிங்’ படத்தை, பிள்ளைகளோடு சிரித்துவிட்டு மறந்துவிடலாம் என்று இரண்டே வரிகளில் கடந்துவிட்டது. பெங்களூரு ஆஸ்டின் டவுனில் சிறு பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர்களில் நானும் ஒருவன். மறந்துவிட முடியாத ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது.

வில் ஃபெரல் நடித்த ஃபில், வைட்டமின் மாத்திரைக் கடை வைத்திருப்பவன். ராபர்ட் டுவால் நடித்த அவனுடைய அப்பா, சிறுவர் கால்பந்து அணி ஒன்றின் பயிற்சியாளர். சொந்தப் பேரனையே ஆடவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்து, பிறகு கடைசி இடத்தில் இருக்கும் அணிக்குத் தள்ளிவிடுகிறார். அந்த அணிக்குப் பயிற்சியாளர் இல்லை என்று தெரிந்ததும் மகனுக்காக ஃபில் பொறுப்பேற்கிறான். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற வேறு விளையாட்டில் பெயர்பெற்ற மைக் டிட்கா, மைக் டிட்காவாகவே வந்து அவனுக்குத் துணை நிற்கிறார். இறைச்சிக் கடைக்காரரின் உறவுப் பையன்கள் இருவர், இத்தாலியர்கள், பிரமாதமாக ஆடுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதன்பின் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரே உத்தரவுதான்: பந்து கிடைத்தால் இத்தாலியர்களிடம் கொடு. அணி ஜெயிக்கத் தொடங்குகிறது. ஃபில் தன் அப்பாவாகவே மாறிப்போகிறான். எந்த மகனுக்காக வந்தானோ, அவனையே பெஞ்சில் உட்காரவைக்கிறான்.

இந்தக் காட்சிகளுக்கு அரங்கம் சிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் மைதானங்களுக்கு வருகிறவர்களால் அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியாது. ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டி ஒன்றில், ஒரு தனியார் பயிற்சி மையத்தின் அணியில் மூன்று பிள்ளைகள் காலை முதல் மதியம் வரை ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறங்கவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான் ஒருவன். கோட்டுக்கு வெளியே அப்பாக்கள் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். “அவனுக்குக் கொடுடா, அவனுக்குக் கொடு!” அந்த ‘அவன்’ மற்றவர்களைவிட ஒரு தலை உயரமான பையன். அந்த அணி கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. அந்த மூவரின் ஜெர்ஸியிலும் துளி மண் இல்லை.

இந்த வயதில் உயரத்துக்குப் பிறந்த மாதமும் ஒரு காரணம். ஒரே பிரிவில் ஆடும் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. ஒன்பது வயதில் ஓராண்டு என்பது எலும்பிலும் ஓட்டத்திலும் மிகப் பெரிய வித்தியாசம். பயிற்சியாளர் வளர்ச்சியைப் பார்த்துத் திறமை என்று நம்பிவிடுகிறார். டிசம்பர்ப் பிள்ளை ஆட வாய்ப்பில்லாமல் பின்தங்கி, பதின்மூன்று வயதில் ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். ஆடினால்தானே ஆட்டம் வரும்? பெஞ்சில் உட்கார்ந்து எவனும் பந்தை நிறுத்தப் பழகியதில்லை.

படத்தில் அப்பாவும் மகனும் பந்தயம் கட்டுவது ஒரு பந்துக்காக. பெலே உதைத்த பந்து அது. அந்தப் பெயர் வந்ததும் எங்கள் கௌதம்புராதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அல்சூர் பக்கத்தில், தமிழர்கள் நெருங்கி வாழும் அந்தப் பகுதியில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் மைசூர் அணிக்காக ஆடிய சாரங்கபாணி ராமன். அதே அணியில் இருந்த அகமது கான் பெங்களூருக்காரர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகமும் இந்த ஊர்க்காரரே. 54 ஆண்டுகள் கழித்து 2023இல் கர்நாடகம் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை வென்றபோது எங்கள் தெருப் பெரியவர்கள் பழைய பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்டுப் பகுதி (கண்டோன்மென்ட்) சந்துகளில் அந்த ஆட்டக்காரர்கள் ஆடிய காலத்தில் பெஞ்ச் என்று ஒன்று கிடையாது. வந்தவனெல்லாம் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடினான், அவ்வளவுதான். பணம் கட்டிச் சேர்க்கும் இந்தக் காலத்தில்தான் பிள்ளைக்கு ஆட இடமில்லை.

கதை நடக்கும் அமெரிக்காவிலேயே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1964இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பின் முதல் கொள்கையே எல்லோரும் ஆட வேண்டும் என்பதுதான். அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஆட்டத்தைச் சற்று நிறுத்தி ஆள் மாற்றுகிறார்கள். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் யார் எதில் வெளியே இருந்தார் என்பது ஓர் அட்டையில் குறிக்கப்படுகிறது. நமது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக 2018இல் பேபி லீக் போட்டிகளை ஊக்குவிக்கத் தொடங்கியது. குழந்தைகள் நிறைய ஆட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கம் தனியார் நடத்தும் வாரஇறுதிப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் வந்து சேரவில்லை.

படத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஃபில் திருந்தி, பிள்ளைகளைத் தங்கள் விருப்பப்படி ஆடவிட்டதும் அவர்கள் இறுதி ஆட்டத்திலும் ஜெயித்துவிடுகிறார்கள். தோற்றிருக்க வேண்டும். எல்லோரையும் ஆடவைத்தால் சில ஆட்டங்களில் தோற்போம், எங்கள் அணியும் தோற்கிறது. அந்தத் தோல்வியைப் பெற்றோரிடம் விளக்குவதுதான் பயிற்சியாளரின் கடினமான வேலை. படம் அதைத் தொடாமல் முடிந்துவிட்டது.

உங்கள் இதழ் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு வருகிறது. போட்டி நடத்துபவர்களிடமும் மாநிலக் கால்பந்துச் சங்கத்திடமும் இதைக் கேட்டு எழுதுங்கள்: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிரிவுகளிலும், பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி ஆட்டம் கட்டாயம். இதற்குச் செலவு கிடையாது. நுழைவுப் படிவத்தில் ஒரு வரி, நடுவரிடம் ஓர் அட்டை போதும். கோடைப் போட்டிகளுக்குப் படிவம் அச்சடிப்பதற்கு முன்பே அந்த வரி சேர்ந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சியாளர்,
ஆஸ்டின் டவுன், பெங்களூரு.